ரிசீவர் கையில் வானொலி நிலையம்: அமெரிக்காவில் விற்பனையைச் சிக்கலின்றி முடிக்க

கடன் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் ஒரு வானொலி நிலையத்துக்கு ரிசீவரை (சொத்துகளைப் பொறுப்பேற்று நிர்வகிப்பவரை) நியமித்தால், டிரான்ஸ்மிட்டரும் ஸ்டுடியோவும் வங்கிக் கணக்கும் அன்றே அவர் பொறுப்புக்கு வரலாம். ஒலிபரப்பு உரிமம் அப்படி வராது. 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 310(டி) பிரிவுப்படி, ஒலிபரப்பு உரிமங்களை வழங்கும் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் (எஃப்சிசி) ஒப்புதல் இல்லாமல் அது கைமாறாது.

எனவே முதலில் ரிசீவரை நியமிக்கும் நீதிமன்ற ஆணையின் வாசகத்தைக் கவனியுங்கள். ‘உரிமம் ரிசீவருக்கு மாற்றப்படுகிறது’ என்று எழுதினால், எஃப்சிசியின் அதிகாரத்தில் நீதிமன்றம் கைவைத்தது என்ற வாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள். ‘உரிமதாரர் மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும், மறுத்தால் அவர் சார்பில் ரிசீவர் கையெழுத்திடலாம், ஒப்புதலுக்குப் பிறகே மாற்றம்’ என்று கேட்டு வாங்குங்கள். கடன் பத்திரத்தையும் புரட்டிப் பாருங்கள். உரிமத்தின் மீதே அடமானம் செல்லாது. அதை விற்று வரும் பணத்தின் மீது உரிமை கோரலாம்.

ஆணை வந்ததும் எஃப்சிசிக்கு எழுத்தில் தெரிவித்து, 30 நாளுக்குள் உரிமத்தை ரிசீவர் பெயருக்கு மாற்றக் கோரும் படிவம் 316ஐத் தாக்கல் செய்யுங்கள். நிலையம் எஃப்சிசிக்குக் கட்டண பாக்கி வைத்திருந்தால் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும் ‘சிவப்பு விளக்கு’ விதி குறுக்கே வரும். அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் பணம் கட்டவோ தவணைக்கு ஏற்பாடு செய்யவோ தவறினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் மின் கட்டணத்தையும் கோபுர வாடகையையும் முதலில் கட்டுங்கள். ஒலிபரப்பு நின்றால் 10 நாளுக்குள் எஃப்சிசிக்குத் தகவல் தர வேண்டும். 30 நாளைத் தாண்டினால் தற்காலிக அனுமதி வேண்டும். தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் 312(ஜி) பிரிவுப்படி உரிமம் தானாகவே காலாவதியாகும். நீதியைக் கருதி அதை மீட்டுத் தர எஃப்சிசிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. உரிமத்தில் குறிப்பிடாத இடத்திலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்பினால் இந்தக் கெடு நிற்காது. கோபுர உரிமையாளர் பூட்டிவிட்டதால் அவசரத்தில் வேறு இடத்தில் ஆன்டெனா கட்டுபவர்கள் இங்கேதான் எல்லாவற்றையும் இழக்கிறார்கள்: விற்க மிஞ்சுவது பழைய இரும்பு மட்டுமே.

வாங்குபவரை நீதிமன்றம் உறுதி செய்ததும், உரிமத்தை அவருக்கு மாற்றக் கோரும் படிவம் 314ஐத் தாக்கல் செய்யுங்கள். எஃப்சிசி அதைப் பரிசீலனைக்கு ஏற்றுப் பொது அறிவிப்பு வெளியிட்ட 30 நாளுக்குள் எதிர்ப்பு மனு வரலாம். பழைய உரிமையாளர் ‘இதைவிட அதிகம் தர ஆள் இருக்கிறார்’ என்று அங்கே வாதிட்டுப் பயனில்லை. வேறொருவர் மேலானவரா என்று ஒப்பிட 310(டி) எஃப்சிசிக்கு இடம் தரவில்லை. தனியார் ஒப்பந்தச் சண்டைகளையும் அது நீதிமன்றத்துக்கே விட்டுவிடும். ஆகவே விலை பற்றிய ஆட்சேபத்தை விற்பனையை உறுதி செய்யும் விசாரணையிலேயே எழுப்புங்கள். தோற்றால் அங்கேயே தடையாணை கேளுங்கள்.

ஒப்புதலுக்கு முன்பே நிகழ்ச்சிகளைத் தொடங்க வாங்குபவர் கேட்பார். ஒலிபரப்பு நேரத்தை மட்டும் அவருக்கு விற்கும் நேர விற்பனை ஒப்பந்தம் போடலாம். நிகழ்ச்சி, ஊழியர், நிதி மூன்றிலும் கடைசி முடிவு ரிசீவருடையதாக இருக்க வேண்டும்.

நிலையத்தை விற்கும் ஒப்பந்தத்தில், விற்பனை முடியும் தேதியை நாள்காட்டி பார்த்துக் குறிக்காதீர்கள், எஃப்சிசி ஒப்புதலோடு இணையுங்கள். ஒப்புதலை மறுபரிசீலிக்கக் கேட்க 30 நாள், ஆணையம் தானாகவே எடுத்துப் பார்க்க 40 நாள் உண்டு. வங்கிகள் அதுவரை காத்திருக்கச் சொல்லும். ஒப்புதலைப் பயன்படுத்தி விற்பனையை முடிக்க 90 நாள்தான். மறுபரிசீலனை மனு இழுத்தால், அந்த 90 நாள் தீரும் முன்பே நீட்டிப்பு கேட்டுவிடுங்கள்.