ஓட்டையுள்ள கணினிக் கோப்பை டார் போடும்போது

வேலூர், காட்பாடி பக்கம் ஆபீஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு. 100 ஜிபி என்று காட்டும் விர்ச்சுவல் மெஷின் இமேஜ் (மென்பொருளாக ஓடும் கணினியின் டிஸ்க்கை வைத்திருக்கும் கோப்பு) நிஜ டிஸ்கில் 8 ஜிபிதான் பிடித்திருக்கலாம். மீதி வெறும் ஓட்டை, அதாவது எதுவும் எழுதப்படாததால் டிஸ்கில் இடம் பிடிக்காத பகுதி. எல்எஸ் (ls) கட்டளை காட்டும் கோப்பு அளவையும் டியூ (du) கட்டளை காட்டும் டிஸ்க் அளவையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் டார் (tar) கட்டளையைச் சும்மா போட்டால் ஓட்டையெல்லாம் பூஜ்யங்களாக உள்ளே போகும். சுருக்கும் மென்பொருளான ஜிஸிப் (gzip) அதைச் சுருக்கிவிடும், சரி. ஆனால் பிரிக்கும்போது 100 ஜிபி இடமும் வேண்டும். ராத்திரி அவசரமாக ரிஸ்டோர் செய்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்!

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு டாரில் பெரிய எழுத்து எஸ் (-S) ஆப்ஷனைச் சேருங்கள், ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். பிரிக்கும்போது அது தேவையில்லை. பழைய பதிப்புகள் ஓட்டையைத் தேடவே கோப்பை ஒருமுறை முழுக்கப் படிக்கும், நேரம் போகும். 2016-ல் வந்த 1.29 பதிப்பிலிருந்து, ஓட்டை எங்கே என்று ஃபைல் சிஸ்டத்திடமே கேட்டுக்கொள்கிறது. வேறு மென்பொருளில் பிரிப்பதாக இருந்தால் முதலில் சின்னக் கோப்பில் சோதித்துவிடுங்கள்.