மலையகத்திலிருந்து ஆப்பிரிக்கக் காட்டுக்கு: அமைதியான சொகுசுப் பயணத்தைத் திட்டமிடும் முறை

யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிப்பதைப் பார்த்துச் சலித்துப்போன நுவரெலியா, பண்டாரவளைக் குடும்பங்கள், கையில் பணம் சேர்ந்ததும் தென்பகுதி ஆப்பிரிக்காவை நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இடத்தைச் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால் அங்கும் நெரிசல்தான். ஆகவே விடுதியின் படங்களைப் பார்ப்பதற்கு முன், அது எவ்வகை நிலத்தில் அமைந்திருக்கிறது என்று விசாரியுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குள் எவரும் சொந்த வாகனத்தில் நுழையலாம். ஆனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது, வாயில் மூடும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதன் மேற்கே ஒட்டியிருக்கும் சபி சாண்ட் தனியார் காப்பகத்துக்கும் குரூகருக்கும் இடையிலிருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டதால், இரண்டிலும் நடமாடுவன அதே விலங்குகள்தாம். எனினும் சபி சாண்டில் விடுதி விருந்தினர்களுக்கே இடமுண்டு. ஒரு சிறுத்தையின் அருகில் இரண்டு மூன்று வாகனங்களுக்கு மேல் நிற்பதில்லை. அடுத்து வரும் வழிகாட்டி வயர்லஸ் கருவியில் தன் முறையைக் கேட்டுவிட்டுத் தொலைவிலேயே காத்திருப்பார். நீங்கள் கொடுக்கும் பெருங்கட்டணத்துக்கு உண்மையான பலன் இந்தக் கட்டுப்பாடே தவிர, அறைக்கு வெளியே உள்ள தனி நீச்சல் குளம் அன்று.

பொட்ஸ்வானா, பயணிகளைக் குறைத்துக் கட்டணத்தை உயர்த்தும் கொள்கையையே பின்பற்றுகிறது. அங்குள்ள ஒக்கவாங்கோ கழிமுகம் 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கோலாவின் மேட்டுநிலங்களில் பெய்யும் மழைநீர் மாதக்கணக்கில் நகர்ந்து, உள்ளூரில் வறட்சி நிலவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில்தான் அங்கு உச்ச அளவை எட்டுகிறது. அப்போது கோலூன்றிச் செலுத்தும் மொகோரோ என்ற ஒடுங்கிய தோணியில் இயந்திர ஓசையின்றி நாணல்களுக்கிடையே செல்லலாம். ஒரு வாரப் பயணமாயின் நீர்ப்பகுதியில் ஒரு முகாம், உலர்நிலத்தில் ஒரு முகாம் என இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளுக்கொரு முகாம் மாறினால் அமைதிக்கு இடமேது?

வறண்ட காலமாகிய ஜூன் முதல் ஒக்டோபர் வரை விலங்குகள் நீர்நிலைகளில் கூடுவதால் எளிதில் தென்படும். கட்டணமும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் செல்ல விரும்புவோர் ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. பிள்ளைகளின் விடுமுறை தடையாக இல்லாதவர்களுக்கு, மழை ஓய்ந்தும் கட்டணம் இன்னும் ஏறாத மே மாதத்தையே பரிந்துரைப்பேன். முகாமில் எத்தனை கூடாரங்கள், மின்சாரம் சூரிய ஒளியிலிருந்தா ஜெனரேட்டரிலிருந்தா, எந்த வயதுப் பிள்ளைகளை ஏற்பார்கள் என்பவற்றை முற்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவ உணவுக்காரர்களும் அப்போதே அறிவித்துவிட வேண்டும். அங்கு மான் இறைச்சியும் பரிமாறப்படுவதுண்டு, நடுக்காட்டில் மாற்று உணவு வாங்கக் கடையும் இராது.

பொட்ஸ்வானாவின் மவுன் நகரிலிருந்து முகாம்களுக்குச் செல்லும் சிறு விமானங்களில் கமராவையும் சேர்த்து 15 முதல் 20 கிலோ வரையே அனுமதிப்பார்கள். சில்லு வைத்த கடினமான பெட்டி அவற்றின் சரக்கறைக்குள் நுழையாது. மடங்கக்கூடிய துணிப்பையே வேண்டும். ஜூலை விடியலில் திறந்த வாகனத்தில் காற்று எலும்பைத் துளைக்கும், ஆனால் நுவரெலியாக்காரர்கள் இதற்கெனப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை: ஜனவரிக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போதும். இராணுவப் பாணிப் புள்ளியிட்ட உடைகளைச் சிம்பாப்வேயிலும் சாம்பியாவிலும் பொதுமக்கள் அணியத் தடையுள்ளதால் அவற்றைத் தவிருங்கள்.

அடிஸ் அபாபா, நைரோபி விமான நிலையங்களில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கினால், தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படும். வளைகுடா நகரங்கள் வழியாகச் செல்வது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். மலேரியா அதைவிட முக்கியமானது. குரூகரும் ஒக்கவாங்கோவும் மலேரியாப் பகுதிகள் என்பதால், புறப்படுமுன் மருத்துவ ஆலோசனை பெற்றுத் தடுப்பு மாத்திரைகளைத் தொடங்க வேண்டும். சிறு பிள்ளைகளுடன் செல்வோர் தென்னாப்பிரிக்காவிலேயே மலேரியா இல்லாத மடிக்வே காப்பகத்தைத் தெரிவு செய்யலாம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், திரும்பிய பின் காய்ச்சல் கண்டால் ஹட்டனிலோ பதுளையிலோ மருத்துவர் முதலில் டெங்கு என்றே சந்தேகிக்கக்கூடும். எங்கே சென்று வந்தீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.