மொட்டை மாடி ட்ரோன்: அக்கம்பக்கத்தில் சண்டை வராமல் இருக்க

முதலில், எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பாருங்கள். சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் துறைமுகம் இருப்பதால் கவனமாகப் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது. பச்சையில் 400 அடி வரை போகலாம். பதிவு எண் கட்டாயம்.

சண்டை பெரும்பாலும் கேமராவால்தான் வருகிறது. பக்கத்து மாடியில் துணி காயப்போடும் நேரத்தைத் தவிருங்கள். "அக்கா, நாளைக்கு சாயங்காலம் பத்து நிமிஷம் பறக்கவிடறேன், நீங்களும் வந்து ஸ்கிரீனைப் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் உயரத்தில் நிறுத்தாமல், கேமராவை அடிவானத்துக்குத் திருப்பி, உங்கள் மாடிக்கு மேலேயே நேராக ஏற்றுங்கள். அறுந்து தொங்கும் மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றினால் மோட்டார் நின்று, ட்ரோன் யார் தலையிலாவது விழும்.

மீன் வாடைக்கு வரும் பருந்துகள் மேலிருந்து பாயும். வட்டமிட ஆரம்பித்தாலே இறக்கிவிடுங்கள். எண்ணூர் கழிமுகத்தில் பறவைக்கூட்டம் இரை தேடும்போது வேண்டவே வேண்டாம்.