டிரெய்லர் கேரவனுக்கு ஒழுகாத கூரை: வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் எதைப் போடலாம்?

காட்பாடியில் என் வீட்டு வாசலில் நிற்கும், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன டிரெய்லர் கேரவனுக்கு இதுவரை இரண்டு கூரை போட்டாயிற்று. முதல் கூரை ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. இரண்டு துண்டாக வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, ஸ்க்ரூ அடித்து, மேலே பாத்ரூமுக்குப் பூசுகிற சிலிகானைப் பூசினேன். கோடை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசியில் ஒரு ராத்திரி மழைக்குத் தலைமாட்டு மெத்தை நனைந்துவிட்டது. சொட்டிய இடத்துக்கு நேர் மேலே ஊசித் துளைகூட இல்லை.

பார்க்க வந்த வெல்டர் அண்ணன் சிரித்தார். "இன்னா தம்பி, சொட்ற எடத்துல தேடுற? உள்ள வந்த எடத்த பாரு." நடு ஜாயின்ட்டில் நுழைந்த தண்ணீர், குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு அடி ஓடி வந்து சொட்டியிருந்தது. அன்றிலிருந்து கூரைக்கு எந்தப் பொருளைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது, இதில் எத்தனை ஜாயின்ட் வரும் என்பதைத்தான்.

படி 1: அளவும் வாட்டமும்

கூரையின் நீளம், அகலத்தோடு இரண்டு பக்கமும் மடிந்து இறங்க ஓரிரண்டு அங்குலம் சேர்த்து அளவெடுங்கள். நடுவில் லேசாக உயர்த்தி, தண்ணீர் இரு பக்கமும் வழிய வாட்டம் விடுங்கள். தட்டையான கூரையில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீருக்கு வழி தேட நிறைய நேரம் இருக்கிறது.

படி 2: பொருள்

ஜி.ஐ. தகடு விலை மலிவு, ஆனால் கனம். 12 அடிக்கு 6 அடி கூரைக்கு 1 மி.மீ. தகடு போட்டால் சுமார் 52 கிலோ. அதே அளவு அலுமினியம் 18 கிலோதான். உச்சியில் கனம் ஏறினால் வண்டி ஆடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும்போது அது புரியும்.

சரி, அலுமினியமே போட்டுவிடலாமா? அது துரு ஏறாது, ஆனால் சூட்டில் இரும்பு நீள்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். நம் ஊர் வெயிலில் விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் தகட்டின் சூடு 40 டிகிரி மாறினால், 12 அடி தகடு 3 மி.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுத்தால் ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்து போகும். ஒரே தகடாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, ரப்பர் வாஷரோடு இருக்கட்டும்.

ரப்பர் மாதிரி வளையும் ஷீட்டில் இ.பி.டி.எம். (செயற்கை ரப்பர்), டி.பி.ஓ. (ஒரு வகை பிளாஸ்டிக்) என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் பிளைவுட் மேல் ஒட்டுவது. அகலமாகக் கிடைப்பதால் சின்ன வண்டிக்கு ஜாயின்ட்டே வராது. இ.பி.டி.எம். நன்றாக நெகிழும், ஆனால் பெட்ரோல், ஆயில், கிரீஸ் பட்டால் உப்பிவிடும். கறுப்பு நிறம் வேண்டாம், உள்ளே அடுப்புதான். டி.பி.ஓ. பெரும்பாலும் வெள்ளையாக வரும்; ஜாயின்ட் வந்தாலும் சூடான காற்றால் உருக்கி ஒட்டிவிடலாம். புளியமர நிழலில் நிறுத்துகிறவர்கள் இரண்டையுமே யோசித்து வாங்குங்கள், கிளை உரசினால் கிழியும்.

என் இரண்டாவது கூரை ஃபைபர். பிளைவுட் மேல் கண்ணாடி நார் மேட் விரித்து, இறுகிப்போகிற ரெசின் பிசினை ஊற்றி, ஓரங்களையும் சேர்த்து ஒரே உடம்பாக்கிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, கதவு செய்கிற ஃபைபர் ஆட்களே இதைச் செய்வார்கள் என்பது பெரிய வசதி. கீழே சட்டம் ஆடினால் மயிரிழை விரிசல் விடும். மேல்பூச்சு வெயிலில் வெளுக்கும். வெள்ளை பெயின்ட்டை அவ்வப்போது புதுப்பித்தால் போதும். முதல் வண்டி செய்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

படி 3: ஓட்டைகள்

காற்றுப்போக்கி, சோலார் வயர், ஆன்டெனா என்று நீங்களே போடும் ஓட்டைகளை முடிந்தவரை குறையுங்கள். போட்டே ஆக வேண்டிய இடத்தில், மாட்டும் பொருளின் ஃபிரேமுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து இறுக்கி, ஓரத்தில் உங்கள் கூரைப் பொருளுக்கு ஏற்ற சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுங்கள். ஃபைபருக்கும் தகட்டுக்கும் பஸ் பாடிக்குப் பூசுகிற பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் சரிவரும். சிலிகான் மட்டும் வேண்டாம். காய்ந்த சிலிகான் மேல் வேறு எதுவும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று.

படி 4: ஹோஸ் டெஸ்ட்

உள்கூரை அடிப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள். தரையில் பழைய தினத்தாள் விரித்து, டார்ச்சும் சாக்பீஸும் கொடுத்து ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். வெளியே தாழ்ந்த ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டு, மெல்ல மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து, எது ஓட்டை என்று தெரியாது. தாளில் புள்ளி விழுந்தால் அதற்கு நேர் மேலே மட்டும் பார்க்காமல், சட்டத்தைத் தடவிக்கொண்டே ஈரம் தொடங்கும் இடம் வரை போய் அங்கே சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். காய்ந்தபின் அங்கே ஒட்டி, மறுநாள் இன்னொரு தடவை தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்புறம் உள்கூரையை அடிக்கலாம்.