நெட் வரவில்லையா? எதையும் தொடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நெட் வரலை" என்று யாராவது சொன்னால் உடனே ஃபோனைக் கையில் வாங்கிப் பயனில்லை. முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மொபைல் டேட்டாவா, வைஃபையா? எல்லா ஆப்பும் நின்றுவிட்டதா, ஒன்று மட்டும்தானா? பக்கத்தில் இருப்பவர் ஃபோனில் வருகிறதா? பலருக்கு மூன்றுக்குமே பதில் தெரியாது. ஆனால் அதற்குள் ரவுட்டரை அணைத்துப் போட்டு, சிம்மைக் கழற்றி மாட்டி, செட்டிங்ஸை அழித்து, வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றி முடித்திருப்பார்கள். முதலில் இருந்த கோளாறு எது, நடுவில் நாமே சேர்த்த கோளாறு எது என்று அதன் பிறகு பிரிக்கவே முடியாது.

எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் கை வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஃபோனிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் லைன், அங்கிருந்து வெளி இணையம், கடைசியில் நீங்கள் திறக்க நினைக்கும் தளம். இதில் எந்த இடத்தில் விட்டுப்போனாலும் திரையில் சுற்றுவது அதே வட்டம்தான். இன்னொரு ஃபோனையோ லேப்டாப்பையோ அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதில் நன்றாக வந்தால் ரவுட்டரைத் தொட வேண்டாம், உங்கள் ஃபோனைக் கவனியுங்கள். அதிலும் வரவில்லை என்றால் ஃபோனை விட்டுவிடுங்கள். அடுத்து வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் திறக்காத பக்கம் என்றால் தவறு பெரும்பாலும் அந்தத் தளத்தின் பக்கம்தான்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அதைக் குத்திச் சில விநாடி பிடித்தால் ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுத்த புதிதில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். போவது வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமல்ல. பல இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும், அவையும் அழிந்துவிடும். எங்கும் குறித்து வைக்கவில்லை என்றால், தானாகவே திரும்பியிருக்கக்கூடிய லைன் டெக்னீஷியன் வரும்வரை செத்துக் கிடக்கும். உங்களுக்குத் தேவை ரீஸ்டார்ட்தான். பவரை எடுத்து அரை நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள், விளக்குகள் நிலைக்கு வரச் சில நிமிடம் பொறுங்கள். பொறுமையில்லாமல் எழுந்துகொண்டிருக்கிற ரவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்தால் அது எப்போதுமே எழாது.

ஃபைபர் இணைப்பு என்றால் ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் வராது. அந்த மெல்லிய கேபிள் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றி விரலால் துடைக்கப் போகாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசையே புது அடைப்பாகிவிடும். அதற்குள் உற்றுப் பார்ப்பதும் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஃபோனிலும் இதே கதைதான். 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' கொடுத்தால் சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும். பெரும்பாலான ஃபோன்களில் புளூடூத் ஜோடிகளும் விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) அமைப்புகளும் சேர்ந்தே போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுத்தாலே ஃபோன் நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவாகும், பல கோளாறுகளுக்கு அதுவே போதும்.

"டவர் ஃபுல்லா இருக்கே!"

திரையின் மேலே தெரியும் கோடுகளை இவ்வளவு நம்புவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எத்தனை டெசிபல் சிக்னல் வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது, ஃபோன் தயாரிப்பாளர் வைத்ததுதான் கணக்கு. ஐஃபோன் 4 வந்த 2010இல், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல சமயம் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டுகிறது என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு வெவ்வேறு ஃபோன்களின் கோடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நிஜமான அளவு வேண்டுமென்றால், பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் 'அபவுட் ஃபோன்' பகுதியில் சிம் நிலவரத்துக்குள் டிபிஎம் என்ற டெசிபல் அலகில் ஓர் எண் இருக்கும். எப்போதும் மைனஸில்தான் வரும். 4ஜியில் மைனஸ் 80 நல்ல சிக்னல், மைனஸ் 110 தாண்டினால் தள்ளாட்டம். மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஜன்னலோரம் வந்ததும் ஏன் பேச்சு தெளிகிறது என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

எண் நன்றாக இருந்தும் நெட் ஊர்ந்தால்? சிக்னல் வலிமை என்பது டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது மட்டுமே, டவரைச் சுற்றி எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது. டவரின் ஒரு 'செல்'லில், அதாவது அது சேவை தரும் ஒரு பரப்பில், இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கொள்ளளவைப் பங்கு போடுகிறார்கள். மாலையில் மட்டும் மெதுவானால் காரணம் கூட்டம். 5ஜியிலிருந்து 4ஜிக்கு மாற்றிப் பார்ப்பது சில சமயம் பலன் தரும். ஆனால் ரகசிய மெனுவுக்குள் போய் '5ஜி மட்டும்' என்று பூட்டிவிட்டு மறந்துபோகாதீர்கள். நெட் பறந்தாலும் அழைப்பு வராமல் போகலாம்.

வைஃபை கோடுகள் இன்னும் ஏமாற்றுக்காரக் கோடுகள். அவை ஃபோனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள நிலையைத்தான் காட்டுகின்றன. ரவுட்டருக்குப் பின்னால் லைன் அறுந்து கிடந்தாலும் கோடு முழுதாகவே நிற்கும்.

ரவுட்டரை ஒளித்து வைப்பது

பார்க்க நன்றாக இல்லை என்று ரவுட்டரை அலமாரிக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் வைக்கிறார்கள். உலோகமும், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சும், மீன் தொட்டித் தண்ணீரும், கம்பி கட்டிய கான்கிரீட்டும் வைஃபைக்கு எதிரிகள். வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பதைவிட மலிவான மேம்பாடு எதுவும் இல்லை.

வைஃபைக்குப் பொதுவாக இரண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டினால் துவண்டுவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் 2.4 பக்கம்தான் இருக்கின்றன. ஆகவே அடுப்பு ஓடும்போது வீடியோ நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். 2.4இல் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட தடத்தை, கையால் மாற்றுபவர்கள் 3, 4, 8 என்று 'காலியான' எண்ணைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் தவறு. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இடையில் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்களுக்குத்தான்.

வைஃபை சிக்னலைப் பிடித்து மேலும் தூரம் அனுப்பும் ரிப்பீட்டரை வாங்கியவர்கள் அதைச் சிக்னலே இல்லாத அறையில் மாட்டுகிறார்கள். அதற்கே கிடைக்காததை அது எப்படிப் பங்கிடும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவழியில், நல்ல சிக்னல் இன்னும் இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி ஒரே அலைவரிசையில் கொடுக்கும் மலிவு ரகம் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஃபோனுக்குள்ளேயே இருக்கும் முட்டுக்கட்டைகள்

எப்போதோ போட்டுவிட்டு மறந்த விபிஎன்தான் முதல் சந்தேக நபர். அடுத்தது 'பிரைவேட் டிஎன்எஸ்', அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் இந்த வசதியில் விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்ன முகவரியைப் போட்டு வைத்திருப்போம். அந்த சர்வர் படுத்தால் எந்தத் தளமும் திறக்காது. ஃபோனின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் எல்லாவற்றையும் மறுக்கும், சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஓர் ஆப்புக்கு மட்டும் செய்தி தாமதமாக வந்தால் டேட்டா சேவரையும் பேட்டரி சேவரையும் பாருங்கள். லேப்டாப்பின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை என்று பொருள், அப்போது பிரவுசரை நோண்டிப் பயனில்லை.

சிம்மில் விளையாட வேண்டாம்

இசிம் (ஃபோனுக்குள்ளேயே பதியும், கழற்ற முடியாத சிம்) வைத்திருப்பவர்கள், "அழித்துவிட்டு மறுபடி சேர்த்துப் பார்க்கலாம்" என்று துணியாதீர்கள். பெரும்பாலும் பழைய கியூஆர் கோடு இரண்டாம் முறை வேலை செய்யாது, புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அணைத்து மீண்டும் போடும் பொத்தான் தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று 'நோ சர்வீஸ்' வருகிறது, அதே நிறுவனத்தின் மற்ற ஃபோன்கள் நன்றாக இருக்கின்றன, ரீஸ்டார்ட்டுக்கும் அசையவில்லை. இதைச் சாதாரணக் கோளாறு என்று நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கியிருந்தாலும் இப்படித்தான் தெரியும், வங்கியின் ஓடிபி அவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கும். இன்னொரு ஃபோனிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள்.

'சிக்னல் பூஸ்டர்' என்ற பெயரில் வரும் ஆப்புகளும் ஸ்டிக்கர்களும் காசுக்குப் பிடித்த கேடு. நிஜமான பூஸ்டர் கருவிகள் வேறு வகை. அனுமதியில்லாமல் மாட்டினால் அக்கம்பக்கத்தாரின் சேவையையே கெடுக்கக்கூடியவை, பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானவையும்கூட.

புகார் செய்யும்போது

வைஃபையில் வேகம் அளந்துவிட்டு நிறுவனத்தோடு சண்டைக்குப் போனால் அவர்கள் உங்கள் சுவரைக் கைகாட்டுவார்கள். லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி அளந்த எண்தான் நிற்கும். பிளானில் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். டவுன்லோடில் காட்டுவது மெகாபைட், எட்டில் ஒரு பங்கு. விநாடிக்குச் சுமார் 12 எம்பி வந்தாலே நூறும் வந்துவிட்டது. நிஜமாகவே குறைகிறது என்றால் எந்த நேரம், எவ்வளவு, எந்த விளக்கு எரிந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் எண்ணை வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.