பாதியில் விட்ட பரதநாட்டியமும் காமன் ஆப் விண்ணப்பமும்

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவமாக அனுப்பும் காமன் ஆப் விண்ணப்பத்தில் படிப்பு தவிர்த்த செயல்பாடுகளுக்கு 10 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் பதவிக்கு 50 ஆங்கில எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளியும் காற்புள்ளியும்கூடக் கணக்கில் சேரும். இப்போதும் செய்துகொண்டிருப்பதைப் பிள்ளைகள் ஓரளவு சரியாகவே எழுதிவிடுகிறார்கள். நின்றுபோனதை எழுதும்போதுதான் சறுக்குகிறார்கள்.

10ஆம் வகுப்போடு விட்டுவிட்டோம் என்று பரதநாட்டியத்தையே எழுதாமல் விடுவது ஒரு தவறு. விட்டதை மறைக்க 9 முதல் 12 வரை எல்லா வகுப்புக் கட்டத்திலும் டிக் அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. செய்த வகுப்புகளை மட்டும் குறித்து, விவரத்தை இறந்தகாலத்தில் எழுதினால் போதும். 8ஆம் வகுப்புக்குக் கட்டமே கிடையாது. ஆறு வயதில் தொடங்கி 10ஆம் வகுப்பு வரை ஆடியிருந்தால் 'ஆறு வயதிலிருந்து' என்று விவரத்தில் சேர்க்கலாம். 7ஆம் வகுப்பிலேயே நின்றுபோன கராத்தேவுக்கு இங்கே இடமில்லை.

அதிகம் பிசகுவது மணிக்கணக்கு. வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று ஒரு செயல்பாட்டுக்கு ஒரே ஒரு கணக்குதான் தர முடியும். பள்ளி நாட்களில் 36 வாரம், வாரம் 3 மணி என்றால் 108 மணி. கோடையில் அரங்கேற்றப் பயிற்சி 8 வாரம், வாரம் 15 மணி என்றால் 120. மொத்தம் 228 மணி, 44 வாரம். ஆக, வாரத்துக்கு 5 மணி என்று போட வேண்டும். கோடையின் 15 மணியை 44 வாரத்துக்கும் போட்டால் 660 ஆகிவிடும். பத்து இடத்திலும் இப்படி ஊதினால், பிள்ளை தூங்கவே இல்லை என்று அர்த்தமாகும். கடைசியில் 'எல்லாம் உண்மை' என்று கையொப்பம் இடுவதும் பிள்ளைதான்.

விவரத்தில் 'ஒழுக்கமும் தன்னம்பிக்கையும் கற்றேன்' என்று எழுதினால் 150 எழுத்தும் வீண். 'இரண்டரை மணி நேரத் தனி அரங்கேற்றம், 9 உருப்படிகள், 6 சிறுமிகளுக்கு அடவு கற்பித்தேன்' என்றால் ஆளே தெரிகிறார். அரங்கேற்றம் என்றால் என்னவென்று படிப்பவருக்குத் தெரியாது, 'முதல் தனி மேடை நிகழ்ச்சி' என்று விளக்க வேண்டும். என்.சி.சி. என்பதும் அப்படித்தான், அமைப்பின் பெயருக்கான இடத்தில் முழுப் பெயரையே எழுதுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது வீட்டுப் பொறுப்பு. பாட்டியைப் பார்த்துக்கொண்டது, மாலையில் அப்பாவின் கடையில் நின்றது இதெல்லாம் செயல்பாடா என்று தயங்குவார்கள். குடும்பப் பொறுப்பு என்றே பட்டியலில் ஒரு வகை இருக்கிறது, சம்பள வேலைக்கும் உண்டு. நடன வகுப்பு நின்றதற்குக் காரணமே பாட்டியின் உடல்நிலை என்றால், அதைக் கூடுதல் தகவல் பகுதியில் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடலாம். அங்கே புலம்பல் வேண்டாம்.

பத்து இடமும் நிரம்பியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒருநாள் மரம் நட்டதைப் பத்தாவதாகச் சேர்ப்பதைவிட ஏழோடு நிறுத்துவது மேல். வரிசையும் முக்கியம்: பிள்ளைக்கு எது பெரிதோ அது முதலில். நின்றுபோனது என்பதற்காக மட்டும் கடைசிக்குத் தள்ள வேண்டாம். பரிசுகளுக்குத் தனியாக 5 இடம் இருக்கிறது, ஒரே பரிசை இரண்டு இடத்திலும் எழுதி இடத்தை அடைக்காதீர்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு: 20 இடம், விவரத்துக்கு 350 எழுத்து. காமன் ஆப்பில் சுருக்கியதை அப்படியே ஒட்டினால் 200 எழுத்து காலியாகக் கிடக்கும். இடமில்லாமல் அங்கே வெட்டிய தகவலை இங்கே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.