டச்சுக் கூட்டுச்சொற்கள்: வாலில் பொருள், தலையில் அழுத்தம்

டச்சு கற்கும் நம்மவர்கள் நீளமான சொல்லைக் கண்டால் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பார்கள். ஆனால் பொருளைத் தாங்குவது கடைசிச் சொல்தான். 'கூமெல்க்' பசும்பால், திருப்பிப் போட்ட 'மெல்கூ' கறவை மாடு. ஆங்கில 'the' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஹெட், டெ என்ற சொற்களும் கடைசிச் சொல்லைப் பார்த்தே வரும். புத்தகம் 'ஹெட் பூக்', கடை 'டெ விங்கல்'. அதனால் புத்தகக் கடை 'டெ பூக்விங்கல்'. 'ஹெட் பூக்விங்கல்' என்றால் தவறு.

மெல்கூவில் இரண்டு 'க்' எழுதுவார்கள், ஒலிப்பது ஒன்றுதான். 'பக்கம்' போல இரட்டிக்க வேண்டாம்.

அழுத்தம் மட்டும் பெரும்பாலும் முதல் சொல்லில் விழும். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. ஆகவே எல்லா அசைகளையும் ஒரே சீராகச் சொல்லிவிடுகிறோம். 'பூக்'கை ஏற்றி, 'விங்கல்'லை இறக்குங்கள். சில சொற்கள் அடங்காது: உருளைக்கிழங்கோடு மசித்துச் சாப்பிடும் கேல் கீரையான 'பூரகோல்' அழுத்தத்தைக் கடைசி 'கோல்' மீது வைக்கும். இவற்றைக் கேட்டே பழக வேண்டும்.

அப்புறம், வெட்டும் இடம். வெடிகுண்டு பற்றிய தகவல் 'பொம்‑மெல்டிங்'. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் 'பொம்மெல்‑டிங்' என்று பிரித்தால் அர்த்தமே இல்லாத ஏதோ 'டிங்', அதாவது சாமான், கிடைக்கும். டச்சுக்காரர்களே இதை வைத்துச் சிரிப்பார்கள்.

ஆங்கிலப் பழக்கத்தில் இடைவெளி விடுவதுதான் என் கணக்கில் மோசமான தவறு. 'ரோடெவெய்ன்க்லாஸ்' ஒரே சொல்லானால் சிவப்பு ஒயினுக்கான கோப்பை. 'ரோடெ'வைப் பிரித்து எழுதினால் கோப்பையே சிவப்பு!

நடுவில் வரும் இணைப்பொலிகள் இன்னொரு தொல்லை. 1995 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின், முதல் சொல்லின் பன்மை 'என்' மட்டுமே ஏற்றால் கூட்டுச்சொல்லிலும் பொதுவாக 'என்' எழுத வேண்டும். அப்படித்தான் பான்கேக்கைக் குறிக்கும் 'பன்னகூக்' எழுத்தில் ஒரு 'ன்' கூடுதலாகப் பெற்றது. பேச்சில் பலர் அதை ஒலிப்பதில்லை. சூரியன் ஒன்றே என்பதால் வெயிலைக் குறிக்கும் 'ஸொன்னஸ்கெய்ன்' தப்பித்தது.

'ஸ்' வருமா என்பதற்கு இப்படி ஒரு விதி இல்லை, ஒரு வழி உண்டு. ஊர்த்தெருவான 'டோர்ப்ஸ்ஸ்ட்ராட்' காதுக்கு ஒரு 'ஸ்' போலத்தான் கேட்கும். அதே முதல் சொல்லோடு வேறொரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்: ஊர்த்திடல் 'டோர்ப்ஸ்ப்லெய்ன்'. அதில் 'ஸ்' தெளிவாகக் கேட்கிறது. சரி, தெருவுக்கும் இரண்டு 'ஸ்' எழுதிவிடலாம்.